விழாவுக்கு முந்திய நான்கு வாரம்

(திருவருகைக் காலத் தொடக்கத்தில், கத்தோலிக்கப் பள்ளி ஆசிரியர்களும் பெற்றோர்களும் கூடிய கூட்டம் ஒன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



கத்தோலிக்கப் பள்ளியில் திருவருகைக் காலம் என்பது எனக்குத் தந்திருக்கிற தலைப்பு. நம் பள்ளிகளில் அப்படி ஒரு காலம் இருக்கிறதா என்று முதலில் கேட்டுவிடுகிறேன். டிசம்பர் பிறந்தால் நம் வளாகத்தில் இரண்டு காரியங்கள் நடக்கின்றன. ஒன்று அரையாண்டுத் தேர்வு, இன்னொன்று செமி கிறிஸ்துமஸ். விடுமுறை விடுவதற்குள் விழாவை முடித்தாக வேண்டும். அதனால் தேர்வுக்கு முன்போ, தேர்வு முடிந்த கையோடோ கிறிஸ்துமஸ் தாத்தா வந்துவிடுகிறார். மிட்டாய் வீசுகிறார், ஆடுகிறார், போய்விடுகிறார். குடில் வைக்கும்போதே குழந்தை இயேசுவையும் வைத்துவிடுகிறோம். விழாவை இப்படி முன்னால் இழுத்ததில், விழாவுக்கு முந்திய நான்கு வாரங்கள் நமக்கு இல்லாமல் போய்விட்டன.

இதனால் என்ன குறைந்துவிட்டது என்று நீங்கள் கேட்கலாம். திருவருகைக் காலத்தின் பழக்கவழக்கங்களில் பல, குழந்தைகளோடும் ஏழைகளோடும் வாழ்ந்தவர்களிடம் பிறந்தவை. ஆகவே இந்தக் காலத்தைக் கோவில் நமக்குக் கடன் கொடுத்ததாக நினைக்க வேண்டாம், பள்ளிக்கூடமும் இதற்குச் சொந்த வீடுதான். அந்த வீட்டில் இந்த நான்கு வாரங்கள் நன்றாக நடந்தனவா என்பதற்கு ஒரே ஒரு அளவுகோல் உண்டு. பள்ளியிலேயே மிகவும் பின்தங்கிய பிள்ளைக்கு அந்த வாரங்களில் என்ன கிடைத்தது? இந்த உரை முழுவதும் இந்தக் கேள்வியைச் சுற்றித்தான்.

முதலில் காலத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இங்கே இந்து, இஸ்லாமியப் பெற்றோர்களும் இருக்கிறீர்கள். நவம்பர் 30 புனித அந்திரேயா திருநாள். அதற்கு மிக அருகில் வருகிற ஞாயிறன்று திருவருகைக் காலம் தொடங்குகிறது. அதாவது நவம்பர் 27க்கும் டிசம்பர் 3க்கும் இடையில் ஒரு ஞாயிறு. அதிலிருந்து கிறிஸ்து பிறப்பு விழா வரை நான்கு ஞாயிறுகள், மொத்தம் 22 முதல் 28 நாட்கள். திருப்பலியில் குருவின் உடை ஊதா நிறம். வானவர் கீதம் பாடுவதில்லை. மூன்றாம் ஞாயிறன்று மட்டும் ஊதாவுக்குப் பதில் ரோஸ் நிறம் உடுத்தலாம், அது மகிழ்ச்சியின் ஞாயிறு. டிசம்பர் 16 வரை வாசகங்களின் நோக்கம் ஆண்டவரின் இறுதி வருகை, 17 முதல் 24 வரை பெத்லகேமில் அவருடைய பிறப்பு.

இந்த நான்கு வாரக் கணக்கு ஒரே நாளில் வந்ததல்ல. ஸ்பெயின் நாட்டின் சரகோசாவில் 380இல் கூடிய ஆயர்கள், டிசம்பர் 17 தொடங்கி மூன்று வாரம் மக்கள் கோவிலை விட்டு விலகியிருக்கக் கூடாது என்றார்கள். இன்றைய பிரான்சு இருக்கும் பகுதியில், ஐந்தாம் நூற்றாண்டில், நவம்பர் 11 புனித மார்ட்டின் திருநாளிலிருந்து வாரத்துக்கு மூன்று நாள் நோன்பு இருந்தார்கள். ரோமையில் அது நான்கு ஞாயிறாகச் சுருங்கியது. மிலான் நகரத் திருச்சபையில் இன்றும் ஆறு வாரம். நோன்பாக இருந்தது பிறகு தவக்காலத்தின் கடுமையை விட்டு எதிர்பார்ப்பின் காலமாயிற்று. ஆனால் ஒன்று மாறவில்லை. விழாவுக்கு முன்னால் ஒரு தயாரிப்பு வேண்டும் என்பதில் எல்லாரும் ஒன்றாகவே இருந்தார்கள்.

இனி குழந்தைகளிடம் வருகிறேன். நம் சிற்றாலயத்தில் நான்கு மெழுகுவர்த்திகள் வைத்து வாரத்துக்கு ஒன்றாக ஏற்றுகிறோமே, அது எங்கிருந்து வந்தது? பல பேர் அது பழங்காலத் துறவு மடங்களில் பிறந்தது என்று நினைக்கிறார்கள். இன்று நாம் அறிந்த வடிவில் அது பிறந்தது ஒரு பிள்ளைகள் இல்லத்தில். அதைத் தொடங்கியவர் கத்தோலிக்கரும் அல்லர், லூத்தரன் சபைப் போதகர். பெயர் யோஹான் ஹின்ரிக் விஹெர்ன். ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரச் சேரிகளில் திக்கற்றுத் திரிந்த பிள்ளைகளுக்காக 1833இல் ஒரு இல்லம் திறந்தார். திருட்டுக் குற்றத்தில் சிக்கிய பையன்கள்கூட அதில் இருந்தார்கள். எல்லாரையும் ஒரே கொட்டடியில் அடைக்கவில்லை. சிறுசிறு குடும்பங்களாகப் பிரித்து, ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு மூத்த சகோதரரைப் பொறுப்பாக வைத்து, தனித்தனி வீட்டில் வாழ வைத்தார்.

டிசம்பர் வந்தால் அந்தப் பிள்ளைகள் தினமும் அவரை நச்சரிப்பார்கள்: கிறிஸ்துமஸ் எப்போது? இன்னும் எத்தனை நாள்? வீட்டில் ஒருநாளும் விழா பார்த்திராத பிள்ளைகள், கேட்கத்தானே செய்வார்கள். 1839இல் அவர் ஒரு பழைய வண்டிச் சக்கரத்தை எடுத்தார். ஞாயிறுகளுக்குப் பெரிய வெள்ளை மெழுகுவர்த்தி நான்கு, மற்ற நாட்களுக்குச் சின்னச் சின்னச் சிவப்பு மெழுகுவர்த்திகள். தினமும் ஜெப நேரத்தில் ஒன்று கூடுதலாக எரியும். எண்ணத் தெரியாத பிள்ளைக்கும் நாள் கணக்கு புரிந்துவிடும். அந்தச் சக்கரம் மெல்ல ஜெர்மன் வீடுகளுக்குப் போயிற்று. 1920களில் அங்குள்ள கத்தோலிக்கக் கோவில்களுக்குள் வந்தது. பிறகு உலகம் முழுவதும். ஊதா மூன்று, ரோஸ் ஒன்று என்று நாம் வைக்கும் நான்கு மெழுகுவர்த்திகளுக்கு மூலம் அதுதான்.

ஆசிரியர்களே, ஒரு நிமிடம் இங்கே நில்லுங்கள். பிள்ளையின் பொறுமையின்மையை நாம் பெரும்பாலும் அதட்டி அடக்குகிறோம். விஹெர்ன் அதை ஒரு பாடமாக்கினார். வாயை மூடு என்று சொல்வதற்குப் பதிலாக, வா, இன்றைய விளக்கை நீ ஏற்று என்றார். பாடத்திட்டத்தில் இல்லாத மிக நல்ல கற்பித்தல் முறை அது.

டிசம்பர் மாதத்தில் தினம் ஒரு சின்னக் கதவைத் திறந்து பார்க்கும் அட்டை நாட்காட்டி இப்போது நம் ஊர்க் கடைகளிலும் கிடைக்கிறது. அதை அச்சடித்துப் பரப்பியவர் ஜெர்மனியின் கெர்ஹார்ட் லாங். அவர் சிறுவனாக இருந்தபோது, விழா எப்போது என்று ஓயாமல் கேட்டதற்கு, அவருடைய தாய் ஓர் அட்டையில் 24 சிறு இனிப்புகளைத் தைத்துத் தந்து, நாளுக்கு ஒன்று சாப்பிடு என்றாராம். மகன் வளர்ந்து அச்சகத் தொழிலுக்கு வந்து, 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அதை அச்சு அட்டையாக்கினார். அதற்குள்ளேயும் இருப்பது ஒரு தாயும் ஒரு பிள்ளையும்தான்.

குடில் இன்னும் பழையது. இத்தாலியின் கிரேச்சோ என்ற மலைக் கிராமத்தில் 1223 கிறிஸ்துமஸ் இரவில் புனித பிரான்சிஸ் அசிசியார் அமைத்தது. அங்கே சுரூபம் எதுவும் இல்லை. வைக்கோல் நிரப்பிய தீவனத் தொட்டி, உயிருள்ள மாடு, உயிருள்ள கழுதை, சுற்றிலும் கிராமத்து மக்கள். ஒரு குழந்தைக்கு வேண்டிய அடிப்படை வசதிகூட இல்லாமல் அந்தப் பாலன் எப்படிப் பிறந்தார் என்பதைக் கண்ணால் பார்க்க வேண்டும் என்பதே அவர் ஆசை. வறுமையை மறைப்பதற்காகப் பிறந்ததல்ல குடில், காட்டுவதற்காகப் பிறந்தது. 2019 டிசம்பர் 1ஆம் தேதி, திருவருகைக் காலத்தின் முதல் ஞாயிறன்று, திருத்தந்தை பிரான்சிஸ் அதே கிரேச்சோவுக்குப் போய்க் குடிலைப் பற்றி ஒரு மடல் வெளியிட்டார். வீடுகளில் மட்டுமல்ல, பணியிடங்களிலும் பள்ளிகளிலும் மருத்துவமனைகளிலும் சிறைகளிலும் குடில் வைக்கும் வழக்கம் தொடர வேண்டும் என்று அதில் கேட்டுக்கொண்டார்.

நம் மண்ணுக்கு வருவோம். திருவருகைக் காலத்தின் முதல் நாட்களில் ஒரு திருநாள் வருகிறது: டிசம்பர் 3, புனித பிரான்சிஸ் சவேரியார். நம் பகுதியில் எத்தனை பள்ளிகளுக்கு அவர் பெயர்! 1542இல் அவர் முத்துக்குளித்துறைக்கு வந்தபோது தமிழ் தெரியாது. இரு மொழியும் அறிந்த சிலரை வைத்து மன்றாட்டுகளைத் தமிழாக்கி, மனப்பாடம் செய்துகொண்டார். கையில் மணியை எடுத்துத் தெருத்தெருவாக அடித்துக்கொண்டு போய்ப் பிள்ளைகளைக் கூட்டினார். காலையில் கற்றதை மாலையில் வீட்டில் அப்பா அம்மாவுக்கும் அண்டை அயலாருக்கும் சொல்லிக்கொடுக்க வேண்டும் என்று அனுப்பினார். இது பலருக்குத் தெரியும்.

அவ்வளவாகப் பேசப்படாத செய்தி ஒன்று உண்டு. கடற்கரை ஊர்களில் நோயாளிகள் இருந்த வீடுகளிலிருந்தெல்லாம் அவரை அழைத்தார்கள். ஒருவரால் எல்லா வீட்டுக்கும் போக முடியுமா? தமக்குப் பதிலாகப் பிள்ளைகளை அனுப்பினார். அவர்கள் நோயாளியின் வீட்டுக்குப் போய், வீட்டாரையும் தெருவையும் கூட்டி, தெரிந்த மன்றாட்டைச் சொல்லிவிட்டு வருவார்கள். 1544 தொடக்கத்தில் எழுதிய கடிதத்தில் அவரே இதைச் சொல்கிறார். யோசித்துப் பாருங்கள். கட்டடம் இல்லை, கரும்பலகை இல்லை, சீருடை இல்லை. ஆனால் படிப்பு இருந்தது, படித்த கையோடு செய்ய ஒரு தொண்டும் இருந்தது. இன்று நம் பள்ளியில் எத்தனை பிள்ளைகள், பத்து நாளாக வராத வகுப்புத் தோழனின் வீட்டுக்குப் போய்ப் பார்க்கிறார்கள்? வருகைப் பதிவேட்டில் சிவப்பு மையில் ஒரு கோடு போடுவதோடு நம் தேடல் முடிந்துவிடுகிறது.

அடுத்து, கொஞ்சம் கவனமாகப் பேச வேண்டிய விஷயம். நம் வகுப்பறைகளில் பெரும்பாலான பிள்ளைகள் கிறிஸ்தவர்கள் அல்லர். இது குறையா? நான் அப்படி நினைக்கவில்லை. கார்த்திகையில் ஒரு வகுப்புக்குள் போய்ப் பாருங்கள். ஒரு பையன் ஐயப்பனுக்கு மாலை போட்டிருப்பான், விடியற்காலையில் குளித்துவிட்டுத் திருநீறோடு வந்திருப்பான். அடுத்த பெஞ்சில் ஒரு கத்தோலிக்கப் பெண் பிள்ளை, டிசம்பர் 8 அன்னை மரியா திருநாளுக்குப் பாட்டுப் பயிற்சி என்று சொல்லிக்கொண்டிருப்பாள். டிசம்பர் 16 வாக்கில் மார்கழி பிறந்துவிடும். வாசலில் கோலம் போட்டுவிட்டுத் தூக்கக் கண்ணோடு வரும் பிள்ளைகளும் அங்கேதான் இருப்பார்கள். கடல் கடந்து பிலிப்பைன்ஸ் நாட்டில், அதே டிசம்பர் 16 முதல் ஒன்பது நாள், விடியற்காலைத் திருப்பலிக்குக் கத்தோலிக்கக் குடும்பங்கள் இருட்டோடு எழுந்து போகின்றன. ஒன்றுக்காகக் காலையில் எழுவது, உணவைக் குறைப்பது, நாள் எண்ணுவது ஆகியவற்றை நம் பிள்ளைகளுக்கு யாரும் புதிதாகக் கற்றுத்தர வேண்டியதில்லை. மாலை போட்டிருக்கும் அந்தப் பையனுக்குத் திருவருகைக் காலத்தை விளக்க ஐந்து நிமிடம் போதும். மாலை போடாத கத்தோலிக்கப் பையனுக்கு விளக்கத்தான் அரை மணி நேரம் ஆகும்.

ஆனால் அழைப்பு வேறு, கட்டாயம் வேறு. அரசியல் சட்டத்தின் 30ஆம் பிரிவு சிறுபான்மையினர் தங்கள் கல்வி நிறுவனங்களை நிறுவி நடத்தும் உரிமையைத் தருகிறது. அதே அரசியல் சட்டத்தின் 28ஆம் பிரிவு, அரசு அங்கீகாரமோ அரசு நிதியோ பெறும் பள்ளியில், சிறுவராக இருந்தால் காப்பாளரின் இசைவு இல்லாமல், யாரையும் மத போதனையிலோ வழிபாட்டிலோ கலந்துகொள்ளச் சொல்லக் கூடாது என்கிறது. இந்த இரண்டையும் சேர்த்தே படிக்க வேண்டும். சட்டத்துக்காக மட்டும் சொல்லவில்லை. இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965 அக்டோபர் 28இல் வெளியிட்ட கல்வி பற்றிய அறிக்கையும், சுதந்திரமும் அன்பும் நிலவும் ஒரு சமூகச் சூழலை உருவாக்குவதே கத்தோலிக்கப் பள்ளியின் தனித்தன்மை என்கிறது. அங்கே சுதந்திரம் என்ற சொல் தற்செயலாக வந்து விழுந்ததல்ல. அதே அறிக்கை, பொருளில் ஏழைகள், குடும்பத்தின் அரவணைப்பை இழந்தவர்கள், இந்த நம்பிக்கைக்கு வெளியே இருப்பவர்கள் ஆகியோரின் தேவைகளுக்குப் பள்ளிகள் சிறப்பாக உதவ வேண்டும் என்றும் கேட்கிறது. ஆக, முன்பு நான் சொன்ன அளவுகோல் என் கற்பனை அல்ல.

நடைமுறையில் ஒன்று சொல்கிறேன். மறைக்கல்வி பாடவேளையில் கத்தோலிக்கப் பிள்ளைகள் ஒரு அறைக்கும் மற்றவர்கள் நன்னெறி வகுப்புக்கும் பிரிந்து போகிறார்கள். அது சரியான ஏற்பாடுதான். ஆனால் டிசம்பரில் தொண்டு என்று வரும்போது இரண்டு அறையும் ஒன்றாக வேண்டும். ஜெபத்தில் பிரிந்து நிற்கலாம், உதவியில் பிரிய வேண்டிய காரணமே இல்லை.

இப்போது நம் வழக்கமான நிகழ்ச்சிகளை ஒவ்வொன்றாகப் பார்ப்போம். யாரையும் குறை சொல்ல வரவில்லை. இத்தனை ஆண்டுகளாகப் பள்ளிகளைப் பார்த்தவன் என்ற முறையில் பேசுகிறேன்.

முதலில் நாடகம். கிறிஸ்து பிறப்பு நாடகத்துக்குப் பிள்ளைகளைத் தேர்ந்தெடுக்கிறோம். மரியாவாக யார்? வானதூதராக யார்? பெரும்பாலும் வகுப்பிலேயே சிவப்பாக இருக்கும் பெண் பிள்ளை. இடையர்களாக யார்? கறுப்பாக, மெலிந்து இருக்கும் பையன்கள். இதை யாரும் திட்டமிட்டுச் செய்வதில்லை, தானாகவே நடந்துவிடுகிறது. தானாக நடப்பதுதான் கவலை. நாசரேத்து ஊர்த் தச்சனின் மனைவி, வெயிலில் தண்ணீர் சுமந்த பெண், பாண்ட்ஸ் பவுடர் நிறத்தில் இருந்திருப்பாரா? மேடையில் யார் மரியா ஆகலாம், யார் ஆக முடியாது என்பதை நம் பிள்ளைகள் எல்.கே.ஜி.யிலேயே கற்றுக்கொள்கிறார்கள். அதைக் கற்றுக்கொடுப்பது நாம்தான். இனிமேல் சீட்டுக் குலுக்கிப் போடுங்கள். யார் பெயர் வருகிறதோ அவரே மரியா, அவரே சூசையப்பர்.

அடுத்து உடை. வானதூதருக்கு வெள்ளைக் கவுனும் ஜிகினா இறக்கையும் வாடகைக்கு எடுத்து வரச் சொல்கிறோம். தேர்வுக் கட்டணமும் வேன் கட்டணமும் கட்ட வேண்டிய மாதத்தில், வீட்டு வேலைக்குப் போகும் ஒரு தாய்க்கு அது எத்தனை நாள் கூலி? பழைய வெள்ளை வேட்டியில் தைத்த இறக்கையோடு வந்தாலும் வானதூதர் வானதூதர்தான்.

மூன்றாவது, கிறிஸ்மா – கிறிஸ்சைல்டு. பெரிய வகுப்புகளிலும் கல்லூரிகளிலும் மிகவும் பிரியமான விளையாட்டு. சீட்டு எடுத்து, யார் பெயர் வந்ததோ அவருக்கு யாருக்கும் தெரியாமல் பரிசு கொடுப்பது. இதில் ஓர் அற்புதமான அம்சம் இருக்கிறது: கொடுத்தவர் யாரென்று வாங்குபவருக்குத் தெரியாது. டிசம்பர் 6 புனித நிக்கோலாசின் திருநாள். வரதட்சணை கொடுக்க வழியில்லாத ஒரு வீட்டுப் பெண்களுக்காக இருட்டில் ஜன்னல் வழியே பணமுடிப்பை எறிந்துவிட்டு ஓடியவர் என்று அவரைப் பற்றி மரபுக் கதை சொல்கிறது. மறைவாகக் கொடுப்பதே அந்தக் கதையின் உயிர். ஆனால் நம் வகுப்பில் கடைசி நாள் எல்லாப் பொட்டலமும் மேசைக்கு வருகிறது, எல்லாரும் விலையை மதிப்பிடுகிறார்கள். ஒரு பிள்ளைக்கு விலை உயர்ந்த வாட்ச், இன்னொரு பிள்ளைக்குப் பத்து ரூபாய்ப் பேனா. வாங்கிய பிள்ளைக்கு வருத்தம், பேனா கொடுத்த பிள்ளைக்கு அவமானம். விளையாட்டை விட வேண்டாம், காசை எடுத்துவிடுங்கள். சீட்டில் பெயர் வந்தவருக்கு மூன்று வாரம் யாருக்கும் தெரியாமல் உதவி செய்ய வேண்டும். விட்டுப்போன நோட்ஸை எழுதி பெஞ்சுக்குள் வைக்கலாம், சைக்கிளைத் துடைத்து வைக்கலாம், தண்ணீர் பாட்டிலை நிரப்பி வைக்கலாம். இதற்குக் காசு வேண்டாம், கவனம் போதும்.

நான்காவது, இல்லங்களுக்குப் போவது. முதியோர் இல்லம், ஆதரவற்றோர் இல்லம் என்று ஒரு வேனில் பிள்ளைகளை ஏற்றிப் போகிறோம். அரிசி மூட்டை, சோப்பு, பிஸ்கட். ஒரு பாட்டு, ஒரு நடனம், வரிசையாக நிறுத்தி ஒரு குரூப் போட்டோ. அன்றே வாட்ஸ்அப்பில் ஏறிவிடுகிறது. பொருளைக் கொடுக்க வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் அந்த இல்லத்துப் பிள்ளைகளுக்குக் கேமரா முன் நின்று நின்று பழகிப்போய்விட்டது என்பதை நினையுங்கள். நம் டிசம்பர் ஆல்பத்தை அலங்கரிப்பது அவர்கள் வேலை அல்ல. படம் எடுக்காமல் போய்வாருங்கள். கொடுத்துவிட்டுத் திரும்பாமல், ஒரு மணி நேரம் உட்கார்ந்து கேரம் விளையாடிவிட்டு வாருங்கள். ஜனவரியில் இன்னொரு முறை போங்கள். டிசம்பரில் வருகிறவர்கள் நிறைய, ஜனவரியில் வருகிறவர்களைத்தான் அவர்கள் நினைவில் வைப்பார்கள்.

ஐந்தாவது, குடில். வகுப்புவாரியாகக் குடில் போட்டி வைக்கிறோம். முதல் பரிசு எதற்கு? அருவி ஓடி, சீரியல் பல்பு மின்னி, தெர்மாகோல் மலை எழும்பி நிற்கும் குடிலுக்கு. கிரேச்சோவை நினைத்துக்கொள்ளுங்கள். வறுமையைக் காட்டப் பிறந்த ஒன்றில் செலவுப் போட்டியா? பதிலாக ஒரே குடில் வைப்போம், முழுப் பள்ளியும் சேர்ந்து. மண் குழைப்பது ஒரு வகுப்பு, மூங்கில் குச்சியில் ஸ்டார் கட்டுவது ஒரு வகுப்பு, கேழ்வரகு முளைக்கப் போடுவது ஒரு வகுப்பு. திருவருகைக் காலத்தில் தானியம் முளைக்கப் போடுவது நம் வழக்கம் மட்டுமல்ல. தென் பிரான்சின் புரோவான்ஸ் பகுதியில் டிசம்பர் 4, புனித பார்பரா திருநாளன்று, தட்டில் கோதுமையை ஊறவைத்து முளைக்க விடுகிறார்கள். கிறிஸ்துமஸுக்குள் பச்சைப் பசேலென்று வளர்ந்தால் வரும் ஆண்டு விளைச்சல் நன்றாக இருக்கும் என்பது அவர்கள் நம்பிக்கை. நம் ஊரில் முளைப்பாரி பார்த்த எந்தப் பாட்டிக்கும் இது புதுச் செய்தி அல்ல.

தீவனத் தொட்டியைக் காலியாக விட்டு வையுங்கள். நல்ல காரியம் ஒன்று செய்த பிள்ளை அதில் ஒரு வைக்கோல் துரும்பு போடுவது பல நாட்டுக் கத்தோலிக்கப் பள்ளிகளில் உள்ள வழக்கம். ஒரே நிபந்தனை: என்ன செய்தாய் என்று யாரும் கேட்கக் கூடாது, யார் எத்தனை போட்டார் என்று எண்ணக் கூடாது. எண்ணத் தொடங்கிய அன்றே அது மார்க் ஷீட் ஆகிவிடும்.

மெக்சிகோ நாட்டு வழக்கம் ஒன்றையும் உங்கள் முன் வைக்கிறேன். 16ஆம் நூற்றாண்டில் அகுஸ்தீன் சபைத் துறவிகள் அங்கே ஊன்றியது. டிசம்பர் 16 முதல் 24 வரை ஒன்பது இரவு, பிள்ளைகள் சூசையப்பராகவும் மரியாவாகவும் வேடமிட்டு, மெழுகுவர்த்தியோடு வீடு வீடாகப் போய்த் தங்க இடம் கேட்டுப் பாடுவார்கள். உள்ளேயிருந்து இடமில்லை என்று எதிர்ப்பாட்டு வரும். கடைசியில் ஒரு வீடு திறக்கும், எல்லாரும் உள்ளே போய் விருந்து உண்பார்கள். இதை நம் பள்ளியில் நடிப்பது எளிது. நிர்வாகத்தில் இருப்பவர்களுக்கு மட்டும் ஒரு சொல்: பெத்லகேமில் சொன்ன ‘இடமில்லை’ என்ற அந்த வார்த்தையை நாமும் ஏப்ரல், மே மாதங்களில் அட்மிஷன் கவுண்டரில் சொல்கிறோம். யாரிடம் சொல்கிறோம், யாரிடம் சொல்வதில்லை என்பதையும் டிசம்பரில் ஒருமுறை யோசிக்க வேண்டும். திருவருகைக் காலத்தில் வாசிக்கப்படும் லூக்கா நற்செய்திப் பகுதியில், நாங்கள் என்ன செய்ய வேண்டும் என்று மக்கள் திருமுழுக்கு யோவானிடம் கேட்கிறார்கள். அவர் யாரையும் காட்டுக்கு வரச் சொல்லவில்லை. கூடுதலாக வைத்திருக்கும் உடையை இல்லாதவரோடு பகிரச் சொன்னார். வரி வசூலிப்பவரிடம், விதித்ததற்கு மேல் வாங்காதே என்றார். கட்டண ரசீது எழுதும் எல்லா மேசைக்கும் பொருந்தும் அறிவுரை அது.

டிசம்பர் நமக்கு மழை மாதமும்கூட. தமிழ்நாட்டுத் திருவருகைக் காலம் எப்போதும் பனியும் பாட்டுமாக இருந்ததில்லை. 2015 டிசம்பரில் சென்னை வெள்ளம், 2023 டிசம்பர் தொடக்கத்தில் மிக்ஜாம் புயல். அதே 2023இல், டிசம்பர் 17, திருவருகைக் காலத்தின் மூன்றாம் ஞாயிறு. மகிழ்ச்சியின் ஞாயிறு என்று சொன்னேனே, அதே நாள். அன்றும் மறுநாள் காலையுமாகத் தூத்துக்குடி, திருநெல்வேலி மாவட்டங்களை மழை புரட்டிப் போட்டது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கு மேல். அப்படிப்பட்ட நாட்களில் பள்ளிக்கூடம்தான் தங்குமிடம் ஆகிறது. மேடைக்கு வாங்கிய தார்ப்பாய் கூரையாகிறது, விழாவுக்கு வைத்த அரிசி கஞ்சியாகிறது. அப்போது யாரும் மதம் கேட்டு வகுப்பறையைத் திறப்பதில்லை. ஆண்டு முழுவதும் பிள்ளைகள் ஒருவரையொருவர் அறிந்து வாழ்ந்த பள்ளியில்தான் அந்த நேரத்தில் வேலை சீராக நடக்கும். எந்தத் தெருவில் எந்தப் பிள்ளையின் வீடு தாழ்வான இடத்தில் இருக்கிறது என்பது தெரிந்த ஆசிரியர் இருந்தால், படகு அங்கே முதலில் போகும்.

கடைசியாக, செய்யக்கூடிய நான்கை மட்டும் சொல்லி முடித்துக்கொள்கிறேன். வாரத்துக்கு ஒன்று, மெழுகுவர்த்தியைப் போல.

முதல் வாரம், தேடிப் போவது. ஒவ்வொரு வகுப்பிலும் நீண்ட நாள் வராத பிள்ளை யாரென்று பாருங்கள். வகுப்பாசிரியர் இரண்டு மாணவர்களோடு அந்த வீட்டுக்குப் போகட்டும். சவேரியார் திருநாள் வருகிற வாரம் அது, அவருக்குச் செய்யும் சரியான மரியாதையும் அதுதான்.

இரண்டாம் வாரம், தேர்வுக்குத் துணை. நன்றாகப் படிக்கும் பிள்ளை, தடுமாறும் பிள்ளையோடு தினமும் மாலையில் அரை மணி நேரம் உட்காரட்டும். டிசம்பர் மாதத்தில் ஒரு மாணவன் இன்னொரு மாணவனுக்குக் கொடுக்கக்கூடிய மிகச் சிறந்த பரிசு, புரியாத ஒரு கணக்கைப் புரிய வைப்பதே.

மூன்றாம் வாரம், தேர்வு நடக்கும். அந்த வாரம் ஒத்திகை, போட்டி, வசூல் எதுவும் வேண்டாம். காலையில் மூன்றாம் மெழுகுவர்த்தியை ஏற்றி, ஒரு நிமிடம் அமைதி. விருப்பமுள்ளவர் ஜெபிக்கட்டும், மற்றவர் சும்மா இருக்கட்டும். ஊதாவுக்கு நடுவில் வரும் ரோஸ் வாரம் பிள்ளைகளுக்குக் கொஞ்சம் இளைப்பாறுதலாக இருக்கட்டும்.

நான்காம் வாரம், விடுமுறைக்கு முந்திய நாள், விழா. கடைசி மெழுகுவர்த்தியைச் சிறப்பு விருந்தினர் ஏற்ற வேண்டாம். கழிவறை கழுவும் அக்கா, வாட்ச்மேன் அண்ணன், சத்துணவுக்கூட ஆயா, வேன் ஓட்டுநர் ஆகியோர் ஏற்றட்டும். அவர்களுக்குப் பிள்ளைகள் பரிமாறட்டும். அன்று மாலை, விடுதியில் எல்லாரும் பெட்டி கட்டும்போது, போக வீடில்லாமல் நிற்கும் பிள்ளை யார் என்று பாருங்கள். அந்தப் பிள்ளைக்கு 25ஆம் தேதி எப்படிக் கழியும் என்பதை முடிவு செய்துவிட்டுத்தான் அலுவலகக் கதவைப் பூட்ட வேண்டும்.

பெற்றோர்களே, உங்களிடமும் ஒன்று கேட்கிறேன். இந்த டிசம்பரில் உங்கள் பிள்ளைக்குப் புதுத் துணி எடுக்கும்போது, பிள்ளையையே அழைத்துப் போய், அதே அளவில், அதே தரத்தில், இன்னொரு பிள்ளைக்கும் ஒன்று எடுக்கச் சொல்லுங்கள். பழையதைக் கொடுக்க வேண்டாம். யாருக்கு என்று பள்ளி சொல்லும், கொடுத்தது யார் என்று பள்ளி சொல்லாது.

செமி கிறிஸ்துமஸை நிறுத்துங்கள் என்று நான் கேட்கவில்லை. அதற்கு முந்திய நான்கு வாரங்களை நம் பிள்ளைகளுக்குத் திருப்பிக் கொடுங்கள் என்றுதான் கேட்கிறேன். விழாவை எல்லாப் பள்ளியும் நடத்தும். பின்தங்கிய பிள்ளையைத் தேடிப் போகிற பள்ளியே கத்தோலிக்கப் பள்ளி என்ற பெயருக்குத் தகுதியுள்ளது. அந்தத் தகுதியை இந்த ஆண்டு, இந்த முதல் வாரத்திலிருந்தே சம்பாதிக்கத் தொடங்குவோம்.